ஏறின கியரிலேயே இறங்கு

லாரி ஓட்டுவது நல்ல பிழைப்புதானா என்று கேட்கிறவர்களை ஓணத்துக்கு முந்தின வாரம் மறையூருக்கு வரச் சொல்வேன். கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே ஆலைகளில் ராவும் பகலும் கொப்பரை கொதிக்கும். பாகின் சூடு முழுக்க ஆறும் முன்பே கையால் பிடித்து உருட்டிய உருண்டைகள் சாக்குகளில் நிறையும். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய மறையூர் சர்க்கரை, அதாவது வெல்லம் அது. பாயசத்துக்கும் சர்க்கரை உப்பேரிக்கும் கேரளத்தில் அதைத்தான் தேடுவார்கள். தேடுகிற வீட்டுக்கும் கொதிக்கிற கொப்பரைக்கும் நடுவில் எங்கள் வண்டி ஓட வேண்டும். அந்த வாரம் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தால் எனக்கு வருகிற மிடுக்கே தனி!

நான் மறையூர் இருக்கும் அஞ்சுநாட்டுக்காரன். தமிழில் வாடகை பேசி, மலையாளத்தில் பில் வாங்கி, இரண்டு மாநிலத்திலும் சோறு தின்று வளர்ந்த டிரைவர். க்ளீனராக ஏறியவன், இன்று சொந்த ஈச்சர் லாரி வைத்திருக்கிறேன். எங்கள் ஊருக்கு இரண்டு வழி: சின்னாறு வழியாக உடுமலை, மூணாறு வழியாகக் கொச்சி. இரண்டும் எனக்குப் பிடிக்கும். ஆனால் உடுமலைப் பாதை என்றால் உயிர்.

காந்தலூரில் ஏற்றிய கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ், மணக்க மணக்கப் பூண்டு என்று மூட்டைகளை அடுக்கி, தார்ப்பாய் போட்டு, கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டு கிளம்புவோம். கயிறு கட்டுவதே ஒரு கலை. முடிச்சு விழுந்ததும் கயிற்றை விரலால் சுண்டுவேன். கணீரென்று சத்தம் வந்தால் எந்த வளைவிலும் லோடு அசையாது.

மறையூரை விட்டதும் சந்தனக் காடு. வேலிக்கு அந்தப் பக்கம் இயற்கையாக வளர்ந்த மரங்கள். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபின் விற்பனை வரி செக்போஸ்ட் தொல்லை ஒழிந்தது. ஆனாலும் வனத்துறைக்காரர்கள் வண்டியைப் பார்க்காமல் விடமாட்டார்கள். பார்க்கட்டும்! அந்த மரம் எங்கள் ஊர்ச் சொத்து. கரிமுட்டி தாண்டி இறங்க இறங்கக் குளிர் போய்க் காய்ந்த காற்று முகத்தில் அடிக்கும். மலைக்கு அந்தப் பக்கம் மழை கொட்டிக்கொண்டிருக்க, சின்னாறு மழை மறைவில் வறண்டு கிடக்கும். இப்படி ஒரே டிரிப்பில் இரண்டு பருவத்தைப் பார்க்கிற வேலை யாருக்கு வாய்க்கும்?

அந்த இறக்கத்தில்தான் டிரைவர் யார் என்று தெரியும். ஏறின கியரிலேயே இறங்கு என்று எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அண்ணன் முதல் நாளே சொன்னார். லோடு வண்டியில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் லைனர் சூடாகிக் காந்தும். காந்தல் வாசனை மூக்கில் ஏறும் நேரத்தில் பிரேக் பிடிப்பு பாதி போயிருக்கும். செகண்டில் போட்டு இன்ஜினையே பிடிக்க விட வேண்டும். முனகல் ஒரே சுதியில் வந்தால் சரி; சத்தம் தூக்கினால் பிரேக்கை ஒரு தடவை அழுத்தி விட்டுவிட வேண்டும். காது, கால், கை, மூக்கு நான்கும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். எத்தனை தரம் இறங்கினாலும், கீழே பாலம் வரும்போது நெஞ்சு நிறைகிறது.

நடுரோட்டில் ஆனை நிற்கும். தூரத்திலேயே நிறுத்திவிட வேண்டும். ஹாரனில் கை போகவே கூடாது. மூணாறுப் பக்கம் படையப்பா என்ற கொம்பன் எல்லா டிரைவர்களுக்கும் பழக்கம். அவன் போகச் சொன்னால்தான் போவோம். காத்திருக்கிற அந்த நேரத்தையும் வரவாகவே நினைக்கிறேன்.

கொச்சி லோடு கிடைத்தால் லக்கம் அருவி, வாகுவரைத் தேயிலைத் தோட்டம், மூணாறு மூடுபனி, பிறகு அடிமாலி. நேரியமங்கலம் பாலத்தில் ஏறும்போது வேகத்தைக் குறைத்துவிடுவேன். 1924 வெள்ளம் மூணாறுக்குப் போன பழைய பாதையைச் சிதைத்தபின் புதுவழிக்காக எழுந்து, 1935-இல் திறந்த பாலம் அது. இன்றும் அதன்மேல் மலைச்சரக்கு இறங்குகிறது. அந்த வளைவுகளுக்குள் புகுந்து போகும்போது எனக்கு முன்னால் ஓட்டியவர்களை எல்லாம் கும்பிடத் தோன்றும்.

காசு? குடும்பம் நடக்கிறது, மகள் கல்லூரிக்குப் போகிறாள். டீசல், டயர், இன்சூரன்ஸ் போகக் கையில் நிற்பது ரிட்டன் லோடைப் பொறுத்தது. உடுமலையிலிருந்து அரிசியோ சிமெண்டோ ஏறிவிட்டால் அன்றைக்கு நான் ராஜா. ஆனால் தூர லைனில் ராப்பகலாக ஓடும் சகோதரர்களுக்கு இந்தச் சுகம் இல்லை. 2025 வரை அமலில் இருந்த 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை என்றது. அவர்களில் பலருக்கு அது இன்னும் கைக்கு வரவில்லை. வந்தே ஆக வேண்டும். இவ்வளவு அருமையான தொழிலைத் தூக்கம் கெட்டுச் செய்ய வைப்பது அநியாயம்.

நல்லதும் நடக்கிறது. 2025 அக்டோபர் முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏ.சி. கட்டாயம். இலகுரக லைசென்ஸ் இருந்தாலே 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எங்கள் ஊர்ப் பையன்கள் பிக்கப்பில் தைரியமாக ஆரம்பிக்கிறார்கள். அவர்களில் ஒருவன் ஹெவி எடுக்க ஆசைப்பட்டு, ஓய்வு நாளில் என் வண்டியில் வந்து உட்காருகிறான். சின்னாறு இறக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு இன்ஜின் சத்தத்தை மட்டும் கேட்கச் சொன்னேன். எந்த வளைவில் நான் பிரேக் தொடப் போகிறேன் என்று முன்கூட்டியே சொல்கிறான், கெட்டிக்காரன்!