நிமிஷத்துக்கு எத்தனை சென்ட் என்று கேட்காதீர்கள்

அக்கா மகன் எம்.எஸ். படிக்க அமெரிக்கா கிளம்புகிறான். "வீட்டுக்குப் பேச எது மாமா சீப்?" என்று கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் "வாட்ஸ்அப்தான், ஃப்ரீ" என்று அவனே முடித்துக்கொண்டான்.

இருபது வருஷத்துக்கு முன்னால் அங்கே போய் இறங்கியபோது நானும் இதே கேள்வியைத்தான் சீனியர்களிடம் கேட்டேன். "இன்ன கார்டு வாங்கு, நிமிஷத்துக்கு 5 சென்ட்" என்றார்கள். அந்தப் பதிலுக்கும் இவன் பதிலுக்கும் ஒரே குறைதான். இரண்டுமே கூப்பிடுகிறவன் பக்கத்துச் செலவை மட்டும் பார்க்கின்றன.

முதலில் அந்தக் கார்டு. இந்திய மளிகைக்கடை கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்கும். 10 டாலர், 200 நிமிஷம் என்று வைத்துக்கொள்வோம். பின்பக்கம் பொடி எழுத்தில் விதிகள் இருக்கும்: ஒவ்வொரு அழைப்புக்கும் இணைப்புக் கட்டணம் 59 சென்ட், 3 நிமிஷக் கட்டுகளாகக் கணக்கு, வாரத்துக்குப் பராமரிப்புக் கட்டணம் 99 சென்ட். (எண்கள் உதாரணத்துக்கு. இந்த மாதிரி விதிகள் நிஜம்.)

வாரம் ஒருமுறை 10 நிமிஷம் பேசுகிறீர்கள். அது 12 நிமிஷமாகக் கணக்காகும், 60 சென்ட். இணைப்புக்கு 59. பராமரிப்புக்கு 99. ஆக வாரத்துக்கு 2.18 டாலர். நாலு வாரத்தில் 8.72 போய்விடும். ஐந்தாவது வாரப் பராமரிப்பும் கழிந்தால் மிச்சம் 29 சென்ட், இணைப்புக் கட்டணத்துக்கே காணாது. 200 நிமிஷக் கார்டில் நீங்கள் பேசியது 40 நிமிஷம். 5 சென்ட் என்றது 25 சென்ட் ஆகிவிட்டது.

இது விதிகளை ஒழுங்காகப் பின்பற்றும் கார்டின் கதை. பல கார்டுகள் அதையும் செய்யவில்லை. 2008-ல் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் சில கார்டு விநியோக நிறுவனங்கள் மேல் வழக்குப் போட்டது. அவர்கள் சோதித்துப் பார்த்த கார்டுகளில் சராசரியாக, விளம்பரம் செய்த நிமிஷங்களில் பாதிதான் கிடைத்தது.

எனக்கும் ஒன்று வாய்த்தது. ஒரு ராத்திரி, ஊரில் காலை நேரம். அம்மா "அப்பாவுக்கு..." என்று ஆரம்பித்தாள், லைன் போய்விட்டது. கார்டில் காசு தீர்ந்திருந்தது. மறுநாள் கடை திறந்து வேறு கார்டு வாங்கிய பிறகுதான் அப்பா வழுக்கி விழுந்து கை முறிந்த விஷயம் தெரிந்தது. அந்த ராத்திரியை எந்த விலைப்பட்டியலில் சேர்ப்பது?

கார்டுக்காரனை மட்டும் திட்டவும் முடியாது. வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்குள் வரும் ஒவ்வொரு நிமிஷத்துக்கும் அப்போது ஒரு வரி மாதிரி இருந்தது. அக்சஸ் டெஃபிசிட் சார்ஜ் என்று பெயர். நஷ்டத்தில் ஓடும் லேண்ட்லைன்களைத் தாங்கத்தான் அது, நோக்கம் நியாயமானதே. 2004-ல் நிமிஷத்துக்கு 4 ரூபாய் 25 காசு, அன்றைய மதிப்பில் கிட்டத்தட்ட 9 சென்ட். 2006-ல் 1.60 ரூபாயாகக் குறைந்து, 2008-ல் ஒழிந்தது. மற்ற நாடுகளைவிட இந்தியாவுக்குப் பேச ஏன் இத்தனை செலவு என்று நாங்கள் அலுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் இது. அந்தக் கட்டணத்தை ஏய்க்கத் திருட்டு எக்ஸ்சேஞ்சுகள் முளைத்தன. அமெரிக்காவிலிருந்து போகும் அழைப்பு வீட்டில் உள்ளூர் நம்பராக விழும். அப்பா அந்த நம்பருக்குத் திருப்பிக் கூப்பிட்டால் நான் கிடைக்கமாட்டேன். சீப் என்று வாங்கிய அழைப்பு ஒருவழிப் பாதையாகிவிட்டது.

இந்தியாவில் இணையத் தொலைபேசிக்கு 2002 ஏப்ரலில் அனுமதி கிடைத்தது. 2003-ல் ஸ்கைப் வந்தது. கணினிக்குக் கணினி இலவசம். ஆனால் வீட்டில் கணினி எங்கே இருந்தது? அம்மாவும் அப்பாவும் பஸ் பிடித்து பிரவுசிங் சென்டருக்குப் போகணும், மணிக்கணக்கில் காசு கொடுக்கணும், நேரத்தை முன்கூட்டியே பேசி வைக்கணும். அதற்கு ஒரு போன் பண்ணணும்! இலவசம் எனக்கு, செலவு அவர்களுக்கு.

இப்போது வாட்ஸ்அப். 2015-ல் குரல் அழைப்பு வந்த பிறகு நிலைமை நிஜமாகவே மாறியது, அதை மறுக்கவில்லை. ஆனாலும் வீட்டில் ஸ்மார்ட்போன் வேண்டும், டேட்டா வேண்டும், ஆப்பை அப்டேட் செய்து கொடுக்க ஒரு ஆள் வேண்டும். நாடும் ஒத்துழைக்க வேண்டும். சீனாவில் மருத்துவம் படிக்கும் நம் மாணவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே வாட்ஸ்அப் முடக்கம். 2020 ஜூனில் இந்தியா வீசாட்டைத் தடை செய்தது. அந்தப் பக்கத்து ஆப் இந்தப் பக்கம் இல்லை, இந்தப் பக்கத்து ஆப் அந்தப் பக்கம் இல்லை. விலை பூஜ்யம்தான், பேச்சும் பூஜ்யம்.

ஆகவே என் கணக்கு இது. நிமிஷத்துக்கு எவ்வளவு என்று பார்க்காதீர்கள். வீட்டில் யார் எடுப்பார்கள், எந்தக் கருவியில், ராத்திரி 2 மணிக்கு அவர்களால் உங்களைக் கூப்பிட முடியுமா? இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் விலை தானாகத் தெரிந்துவிடும்.

தினசரிப் பேச்சுக்கு வாட்ஸ்அப்பே போதும். அதோடு, சாதாரண போன் நம்பருக்கு நேரடியாகப் பேசும் கட்டணச் சேவை ஒன்றில் கொஞ்சம் பணம் போட்டு வையுங்கள். அதற்கான செலவும் ஒரு சமயம் குறைந்தது. வெளிநாட்டு அழைப்பை இந்தியாவில் முடித்துக் கொடுப்பதற்கான கட்டணத்தை டிராய் 2018-ல் நிமிஷத்துக்கு 53 காசிலிருந்து 30 காசாக இறக்கியது, 2020-ல் அது மறுபடி ஏறியது. ஒரே கம்பெனியையும் நம்பிவிடாதீர்கள். நாங்கள் அத்தனை பேரும் நம்பிய ஸ்கைப் 2025 மே மாதம் மூடப்பட்டது. கிளம்புவதற்கு முன் வீட்டு ஆட்களை வைத்து ஒருமுறை இரண்டு பக்கமும் சோதித்துப் பாருங்கள். மென்பொருள் எழுதுகிறவன் சொல்கிறேன், சோதிக்காத பேக்கப் பேக்கப்பே இல்லை.

அக்கா மகனிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. "ஆச்சிகிட்ட எப்படிப் பேசுவே?" என்று மட்டும் கேட்டேன். ஆச்சி என்றால் என் அம்மா. ஊரில் தனியாக இருக்கிறாள், கையில் பட்டன் போன்.

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அதுக்கு என்ன மாமா பண்ணணும்?" என்றான்.