பாடமாக்கிய வரியும் அதற்கடுத்த வினைச்சொல்லும்

நோர்வே மொழிச் சோதனையின் எழுத்துப் பகுதிக்குத் தயாராகிற பலரிடம் ஒரு வாக்கியப் பொட்டலம் இருக்கும். 'எத்தர் மின் மேனிங்' (என் அபிப்பிராயப்படி), 'போ டென் ஏனே சீடென்' (ஒரு பக்கம்), 'போ டென் அந்த்ரே சீடென்' (மறுபக்கம்). தலைப்பு எதுவானாலும் இதை வைத்து, நடுவில இரண்டு காரணம் நிரப்பினால் கட்டுரை தயார் என்று நினைப்பு. இந்த முறையைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேணும்.

சோதனையில கேட்டல், வாசித்தல், எழுத்து, பேச்சு என்று நாலு பகுதி. ஒவ்வொன்றுக்கும் தனி முடிவு. ஏ2, பி1, பி2 என்று நிலைதான் வரும். குடியுரிமைக்கு 2022 அக்டோபர் முதல் பொதுவாகக் கேட்பது பேச்சில் பி1 மட்டும்தான். அதனால எழுத்தை லேசாக எடுக்கிறவர்கள் உண்டு. ஆனால் இந்தச் சோதனையைக் காட்டிப் பல்கலைக்கழகம் போவதென்றால் நாலிலும் பி2 வேணும். அங்கேதான் பலருக்கு எழுத்து தடுக்குது.

ஏன்? பொட்டலத்தைப் பாருங்கள். நோர்வே மொழியில் முதன்மை வாக்கியத்தின் வினைச்சொல் இரண்டாம் இடத்தில் நிற்க வேணும். 'யாய் ஸ்பீசர் ஃபிஸ்க் ஈ டாக்' (நான் இன்று மீன் சாப்பிடுகிறேன்). 'இன்று' என்பதை முன்னால் கொண்டுவந்தால் 'ஈ டாக் ஸ்பீசர் யாய் ஃபிஸ்க்'. 'நான்' பின்னால் போகுது, வினை அசையாமல் நிற்குது. இப்போ 'எத்தர் மின் மேனிங்' என்று தொடங்குகிறீர்கள். முதலிடம் நிரம்பிவிட்டது. அடுத்து 'பொர்' (வேண்டும்) வந்து, அதற்குப் பிறகுதான் 'அல்லே' (எல்லோரும்) வரலாம். வரியைப் பாடமாக்கி விதியை விட்டவர் 'அல்லே பொர்' என்று எழுதிவிடுவார். ஆக, பாடமாக்கிய அந்த வரிகள்தான் இந்தப் பிழைக்கு அதிகமாக இடம் கொடுக்குது. உதவி என்று நினைத்தது பொறியாகிவிடுது.

காரணம் சொல்லப் போனால் இன்னொன்று. 'எனக்கு நேரமில்லை' என்பது 'யாய் ஹார் இக்கே தீட்'. அதையே 'ஏனென்றால்' போட்டுத் துணைவாக்கியமாக்கினால் 'ஃபொர்டீ யாய் இக்கே ஹார் தீட்'. 'இக்கே' வினைக்கு முன்னால் தாவிவிடும். பொட்டலத்தில இதுக்கு மருந்து இல்லை.

சொல்லைப் பிரிப்பதிலும் கவனம் வேணும். 'ரொய்க்ஃப்ரித்' என்று சேர்த்தால் புகைத்தலற்ற இடம். 'ரொய்க் ஃப்ரித்' என்று பிரித்தால் தாராளமாகப் புகையுங்கள்!

தமிழில் நாம் வினையைக் கடைசியில் வைத்துப் பழகியவர்கள். அதற்கு முன்னால் சொற்கள் இடம் மாறினாலும் வினை கவலைப்படாது. அதனால இந்த இரண்டாமிட விதி நமக்குக் காதில விழுந்து தானாக வராது. பேர்கனில், இப்படிப்பட்ட சோதனைகளில் எழுதப்பட்ட கட்டுரைகளைச் சேர்த்து ஆய்வுக்கு ஒரு தரவுத்தொகுப்பு செய்திருக்கிறார்கள். அதில் பத்துத் தாய்மொழிக்காரரின் எழுத்து இருக்கு: வியட்நாமியம், சோமாலி, போலிஷ், அல்பேனியம் எல்லாம் உண்டு, தமிழ் இல்லை. 1980களிலிருந்தே வட நோர்வே மீன் தொழிற்சாலைகளில் தமிழர் வேலை செய்திருந்தும் இதுதான் நிலை. எங்கள் பிழைகளின் பட்டியலை நாங்களேதான் போடவேண்டியிருக்கு.

பொட்டலத்துக்காக ஒன்று சொல்லலாம். நேரம் ஓடும்போது முதல் வரி கைக்கு வருவது தைரியம் தரும். கட்டுரையின் அமைப்பும் மதிப்பீட்டில் ஒரு பங்குதான். ஆனால் சொல்வளம், இலக்கணம், எழுத்துப்பிழை, சொன்னது புரிகிறதா என்பதையும் சேர்த்துத்தான் பார்க்கிறார்கள். இரவல் வரி மினுங்க, சொந்த வரி தடுமாறினால், அந்த இடைவெளி வாசிக்கிறவருக்கு உடனே தெரியும்.

அதனால வரிகளை விட்டுவிடச் சொல்லவில்லை. ஒவ்வொரு வரியையும் அதற்கடுத்த வினையோடு சேர்த்துப் பழகுங்கள். 'எத்தர் மின் மேனிங் பொர்' வரைக்கும் ஒரே மூச்சில் வரட்டும். பிறகு பக்கத்து வீட்டுச் சத்தம் பற்றி வீட்டுக்காரருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். பாதி வாக்கியங்களை 'நேற்று', 'இரவில்', 'அதனால்' என்று தொடங்குங்கள். எழுதி முடித்ததும் இரண்டாமிடத்தில் நிற்கிற சொல்லை மட்டும் கோடிட்டுப் பாருங்கள். கோட்டின் மேல் வினை இல்லாத வரிதான் நாளைக்குப் படிக்க வேண்டிய பாடம்.