விதியும் உரையும்

கார்ப் பந்தய விதிப் புத்தகத்தை ஒரு கதைக்காரன் ஏன் விமர்சிக்க வேண்டும் என்று வாசகர் கேட்கலாம். சூத்திரம் எழுதப்பட்டுவிட்டால் உரைகாரன் வந்தே தீருவான். அவன் கையில் ஏட்டுக்குப் பதில் ஸ்பானர் இருந்தால் என்ன?

1953-ல் தோன்றிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சோழவரத்து யுத்தகால விமானத் தளத்திலும், 1990-ல் திறந்த இருங்காட்டுக்கோட்டைத் தடத்திலும் பந்தயங்கள் நடத்தியது. சொந்தக் காசில் ஓட்டும் இளைஞர்களின் பிரிவுகளில், உலகமெங்கும் போல, அடிப்படைக் கொள்கை ஒன்றுதான்: எஞ்சின் கம்பெனி கொடுத்தபடி இருக்க வேண்டும். 1982-ல் வந்த 'குரூப் என்' விதிகளில் எஃப்.ஐ.ஏ. சங்கம், அனுமதிக்காதது எல்லாம் விலக்கு என்றே எழுதிவிட்டது. கேட்கக் கண்டிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் ரிப்பேர்?

வில்லியனூரில் எனக்குப் பழக்கமான லேத் பட்டறையில் மாருதி 800-இன் ஹெட் ஒன்று வந்து கிடந்தது. சூட்டில் வளைந்துவிட்டது. முகத்தைச் சீவிச் சமன் செய்வது ரிப்பேர். அதே லேத்தில் இன்னும் கால் மில்லிமீட்டர் சீவினால் எரி அறை சுருங்கிக் கம்ப்ரஷன் ஏறும், அது திருத்தம். "எங்கே நிறுத்தணும்னு கத்திக்குத் தெரியாதுங்க சார்" என்றார் பட்டறைக்காரர். இன்னொன்றும் உண்டு. அந்த எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 68.5 மில்லிமீட்டர், கொள்ளளவு 796 சி.சி. தேய்ந்த சிலிண்டரை அரை மில்லிமீட்டர் போர் அடித்துப் பெரிய பிஸ்டன் போட்டால் 808 சி.சி. ஆகிவிடும். 800-க்குள் என்று மட்டும் விதி சொன்னால், யோக்கியமாக ரிப்பேர் செய்தவன் குற்றவாளி!

நன்னூல் சொல்லும் முப்பத்திரண்டு உத்திகளில் உய்த்துணர வைப்பு ஒன்று. சொல்லாததை வாசகன் கருத்தறிந்து கொள்வது. கோவை கரிவரதன் மாருதி எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதிக் கார்களைக் கட்டியது, பணம் குறைந்தவனும் ஓட்டட்டும் என்றுதான். அந்தக் கருத்தை மறந்து எழுத்தை மட்டும் பிடித்துக்கொள்பவனை நான் நல்ல உரைகாரன் என்று ஒப்ப மாட்டேன். அவனுடைய சாமர்த்தியத்துக்குப் பதில் சொல்ல அடுத்தவனும் கடன் வாங்கி ஹெட்டைச் சீவ வேண்டியிருக்கிறது.

ஆனால் முதல் தவறு சூத்திரக்காரனுடையது. 'ரிப்பேர்' என்று எழுதிவிட்டு எண்ணை எழுதாமல் விட்டானே! எரி அறை இத்தனை சி.சி.க்குக் குறையலாகாது, பிஸ்டன் இன்ன அளவு வரை பெருக்கலாம் என்று இரண்டு வரி எழுதினால் போதும். சோதகர் ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, ப்யூரெட்டில் எண்ணெய் விட்டு அளந்துவிட்டுப் போவார்.