வழிநூலும் வழியாடையும்

தோற்றுவாய்

நூல் என்னும் சொல் தமிழில் இருபொருள் உடையது. நெய்தற்குரிய இழையும் நூல். கற்றற்குரிய ஏடும் நூல். பவணந்தியார் தம் நன்னூற் பாயிரத்தில் சொல்லைப் பஞ்சாகவும், புலவனை நூற்கும் மகளாகவும், மதியைக் கதிராகவும் உருவகம் செய்து இவ்விரண்டன் உறவையும் விளங்க வைத்துள்ளார். ஏட்டு நூலுக்கு நம் இலக்கண ஆசிரியர் வகுத்த முதல், வழி என்னும் பாகுபாட்டை நெய்த நூலாகிய ஆடையின்மேல் வைத்து நோக்கின் புலனாவது யாது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஃபேஷன் என்று வழங்கப்பெறும் ஆடைப்பாணித் தொழிலின்மேல் இரு குற்றங்கள் நெடுங்காலமாகச் சாட்டப்பெற்று வருகின்றன. பழையதையே மீண்டும் மீண்டும் தருகின்றது என்பது ஒன்று. ஒருவர் செய்ததைப் பிறர் நாணாது பார்த்துச் செய்கின்றனர் என்பது மற்றொன்று. அத்தொழிலின் சார்பாகப் பேசுவோர் 'புதுமை' என்னும் ஒரு சொல்லையே விடையாகத் தருகின்றனர். இரு திறத்தாரும் ஓர் அடிப்படையில் ஒன்றுபடுகின்றனர். முன் இல்லாததே சிறந்தது, முன் இருந்ததன் வழிவந்தது தாழ்ந்தது என்பதே அவ்வடிப்படை. தமிழ் இலக்கண மரபு இவ்வடிப்படையை ஏற்பதன்று. வழிநூல் என்பது குறைகூறும் பெயரன்று. அது நூலின் வகைகளுள் ஒன்று. தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நான்காகத் தொல்காப்பியர் அதனை வகுத்தார். அவரே 'கூறியது கூறல்' என்பதனை நூற்குற்றங்களுள் ஒன்றாகவும் வைத்தார். முன்னையதை மேற்கொள்வதில் குணமும் உண்டு, குற்றமும் உண்டு என்பது இதனால் பெறப்படும். எது எவ்விடத்துக் குணம், எவ்விடத்துக் குற்றம் என்பதே வினா.

பாணியின் சுழற்சி

பழம்பாணி மீண்டும் வருதல் தனியொருவர் வறுமையால் நேர்வதன்று என்பதை முதலில் உணர்தல் வேண்டும். ஜேன் ரிச்சர்ட்சன், குரோபர் என்னும் மானிடவியல் அறிஞர் இருவர் மூன்று நூற்றாண்டுக் கால மேலைநாட்டு மகளிர் ஆடைப் படங்களை அளந்து ஆராய்ந்து 1940-இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். கீழாடையின் அகலமும் நீளமும் இடையின் அமைப்பும் விரிந்தும் சுருங்கியும் அலைபோல் மாறி வருதலையும், கீழாடையின் அகலம் ஒருமுறை சுழன்று வரச் சற்றேறக்குறைய நூறாண்டு செல்லுதலையும் அவர்கள் காட்டினர்.

ஆடை வரலாற்று ஆசிரியர் ஜேம்ஸ் லேவர் 1937-இல் வெளியிட்ட தம் நூலில் இதனைக் காண்போர் உள்ளத்தின்மேல் வைத்து வேறொரு வகையால் விளக்கினார். ஓர் ஆடை தன் காலத்திற்குப் பத்தாண்டு முற்பட்டுத் தோன்றின் ஒழுக்கக்கேடாகக் கருதப்பெறும், தன் காலத்தில் அழகிது எனப்பெறும், ஓராண்டு கழியின் பொலிவற்றதாகும், பத்தாண்டு கழியின் அருவருப்பாகும், இருபதாண்டில் நகைப்பிற்கு இடமாகும், ஐம்பதாண்டில் விந்தையாகும், நூறாண்டில் கனவின் இனிமை பெறும், நூற்றைம்பதாண்டில் மீண்டும் அழகிது எனப்பெறும். இஃது அவர் காட்டிய வரிசையின் சுருக்கம்.

இவ்வாராய்ச்சிகள் பாணி மீளும் என்பதை விளக்குகின்றன. மீண்டது நன்றா என்பதை விளக்கவில்லை. வெண்பா யாப்பு தொன்மையானது. அதனைப் பாடுவோன் எவனையும் அதுபற்றி நாம் குறை கூறுவதில்லை. குறிஞ்சித் திணையின் முதலும் கருவும் புலவர் பலர்க்கும் பொது. அப்பொதுமைக்குள்ளேயே கபிலர் தனித்து நிற்கின்றார். மனித உடலும் அவ்வாறே ஆடைக்கலைக்குப் பொதுவாய் அமைந்த யாப்பு. தோள் இரண்டு, இடை ஒன்று. அவற்றின்மேல் துணியை இறுக்கலாம், தளர்த்தலாம், நீட்டலாம், குறைக்கலாம். ஆதலின் வடிவம் முன் இருந்ததா என்று வினவுதல் பயன் தராது. மீட்டவர் அதன்கண் செய்தது யாது என்று வினவுதலே திறனாய்வு ஆகும்.

விரித்தல்: தியோரின் 'புதிய தோற்றம்'

1947 பிப்ரவரி 12-ஆம் நாள் பாரிசு நகரில் கிறிஸ்தியன் தியோர் தம் முதல் ஆடைத் தொகுதியைக் காட்டினார். ஒடுங்கிய இடை, திரட்டிய இடுப்பு, கணுக்கால் நோக்கித் தாழ்ந்து விரிந்த கீழாடை ஆகியன அதன் இயல்புகள். அவ்வரிசைகளுள் ஒன்றிற்கு மலரின் அல்லிவட்டத்தைக் குறிக்கும் பெயரை அவர் இட்டார். அமெரிக்க இதழாசிரியர் கார்மல் ஸ்னோ அதனைப் 'புதிய தோற்றம்' என்று குறிக்க, அப்பெயரே உலகெங்கும் நிலைத்தது.

உண்மையில் அது புதியதன்று. இரும்பு வளையம் தாங்கிய அகன்ற கீழாடை 1850-களில் ஐரோப்பாவில் பெருவழக்காய் இருந்தது. போர் தொடங்கிய 1939-ஆம் ஆண்டிலேயே பாரிசு ஆடைக் கலைஞர் சிலர் இடையை இறுக்கும் பாணியை மீட்கத் தொடங்கியிருந்தனர். தியோர் தம் தாயின் தலைமுறை உடுத்தவற்றை நினைவிற்கொண்டு பணிசெய்தமையை மறைக்கவில்லை. அங்ஙனமாயின் அவர் செய்தது கூறியது கூறலா?

அன்று என்பதே விடை. அவ்வாடை எக்காலத்துத் தோன்றியது என்பதை நோக்குதல் வேண்டும். பிரித்தானியாவில் 1941 முதல் 1949 வரை ஆடைக்குப் பங்கீட்டு முறை இருந்தது. துணியை எண்ணி எண்ணி வெட்டிய காலம் அது. அக்காலத்தில் ஒரே ஆடைக்குப் பல கசம் துணியைச் செலவிடுதல், பழைய வடிவத்திற்கு அது முன்பு பெற்றிராத ஒரு பொருளைத் தந்தது. 1850-களில் அகலம் குடிமதிப்பைக் காட்டியது. 1947-இல் அதே அகலம் பஞ்சம் நீங்கும் என்னும் வேட்கையைக் காட்டியது. சொல் பழையது, பொருள் புதியது. இதனை வழிநூல் வகையுள் விரித்தல் எனலாம்.

எனினும் முழுதும் பாராட்டுதற்கு இல்லை. 1906-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பால் புவாரே, நூறாண்டு முற்பட்ட உயரிடைப் பாணியை மீட்டபோது, மகளிர் உடலை இறுக்கிய கச்சினை நீக்கினார். தியோர் மீட்டபோது அக்கட்டு மீண்டும் வந்தது. இருவரும் பழமையையே நாடினர். ஒருவர் அதிலிருந்து விடுதலையை எடுத்தார், மற்றவர் அழகோடு தளையையும் எடுத்தார். பழமையில் எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது என்னும் தேர்விலேயே ஆசிரியனின் அறம் வெளிப்படுகின்றது. தியோரின் தொகுதி கலைநயத்தால் உயர்ந்தது. தேர்வால் முழுமை பெறாதது என்பதே என் துணிபு.

மொழிபெயர்த்தல்: ஒரு மடிப்பின் வரலாறு

கிரேக்க நாட்டு டெல்ஃபியில் 1896-இல் தேரோட்டி ஒருவனின் வெண்கலச் சிலை அகழ்ந்தெடுக்கப்பெற்றது. அவன் உடுத்த நெடிய ஆடையின் மடிப்புகள் தூணின் வரிகள்போல் நேரே இறங்குவன. வெனிசு நகரில் வாழ்ந்த மரியானோ ஃபோர்த்துனி 1907-ஐ ஒட்டி அத்தகைய மடிப்புகளைப் பட்டில் அமைத்து, டெல்ஃபாஸ் என்று பெயரிட்டார். 1909-இல் பாரிசில் பெற்ற காப்புரிமைத் தாளில், அதனைக் கண்டறிந்தவர் தம் வாழ்க்கைத்துணைவியான ஆன்ரியெத்தே என்று அவரே கைப்படக் குறித்தார். மூலத்தின் ஊரையும் ஆக்கியவர் பெயரையும் மறையாது உரைத்த அச்செயல் எண்ணத்தக்கது.

இதே மடிப்பை ஜப்பானியர் இசே மியாக்கே 1993-இல் தொடங்கிய தம் ஆடைவரிசையில் மீண்டும் கையாண்டார். மடித்த துணியை வெட்டித் தைத்தல் முன்னைய வழக்கம். அவரோ ஆடையை வேண்டிய அளவினும் பன்மடங்கு பெரிதாக முதலில் தைத்து, பின்னர்த் தாள்களின் இடையே வைத்து வெப்பத்தால் அழுத்தி மடித்தார். பாலியெஸ்டர் இழை அம்மடிப்பை இழக்காது காத்தது. ஃபோர்த்துனியின் பட்டு செல்வர்க்குரியது, பேணுதற்கு அரியது. மியாக்கேயின் ஆடையோ துவைத்தற்கு எளியது, சுருட்டி வைத்தற்கு உரியது.

வெண்கலத்திலிருந்து பட்டிற்கும் பட்டிலிருந்து செயற்கை இழைக்கும் ஒரு வடிவம் இவ்வாறு பெயர்ந்தது. ஒரு மொழியின் இயல்பு அறிந்து பிறிதொரு மொழியில் யாப்பது போன்றதே இதுவும். புதிய இழை எதனைத் தாங்கும், எதனைத் தாங்காது என்று அறிந்தே வடிவம் மாற்றப்பெற்றது. இதனைப் படி எடுத்தல் என்பார் மொழிபெயர்ப்பின் அருமை அறியார்.

காலமும் நினைவும்

மீட்டல் எப்போதும் இனிதே முடிவதில்லை. 1971-இல் ஈவ் சான் லோரான் பாரிசில் காட்டிய தொகுதி 1940-களின் பாணியை மீட்டது. அகன்ற தோள், குறுகிய ஆடை, தடித்த அடி கொண்ட மிதியடி, தலைப்பாகை ஆகியன அதில் இடம்பெற்றன. இதழ்கள் அதனைக் கடுமையாகத் தாக்கின. பாரிசு 1940 முதல் 1944 வரை பகைவர் ஆட்சியில் இருந்த காலத்து ஆடை அது. அதனை உடுத்து, அத்துன்பத்தைத் துய்த்தோர் பலர் அன்று உயிருடன் இருந்தனர். இளையோர்க்கு அது வடிவம் மட்டுமே. முதியோர்க்கு அது நினைவு. பின்னர் அப்பாணி பரவியமை உண்மையே. ஆயினும் லேவர் கூறிய ஆண்டுக் கணக்கு காட்டாத ஒன்றை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது. ஆண்டுகள் கழிவதால் மட்டும் பழமை பொதுச்சொத்து ஆகிவிடாது. அதனோடு வாழ்ந்தோர்க்கும் அதன்கண் உரிமை உண்டு.

பெயரும் உரிமையும்

இனி, பார்த்துச் செய்தல் என்னும் குற்றச்சாட்டினை நோக்குவோம். அமெரிக்காவில் 1932-இல் அமைந்த ஆடைப் படைப்பாளர் கழகம், படி எடுத்த ஆடைகளை விற்கும் கடைகளுக்குத் தம் உறுப்பினர் சரக்கு அனுப்புதலைத் தடுத்தது. 1941-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம், இது வாணிகப் போட்டியை நசுக்கும் கூட்டுச்செயல் என்று அதனை விலக்கியது. 2006-இல் ரவுஸ்தியாலா, ஸ்பிரிக்மன் என்னும் சட்ட அறிஞர் இருவர், படி எடுத்தல் பாணியை விரைவில் பழையதாக்கிப் புதியதற்கு வேட்கையை வளர்ப்பதால் அது தொழிலுக்கு ஆக்கமே என்று வாதிட்டனர். இவ்வாதம் கூரியது, விற்பனையை அளப்பதற்கு ஏற்றது. ஆனால் எவருடையதை எவர் எடுத்தார் என்பதை அது போதிய அளவு வினவவில்லை.

1858-ஐ ஒட்டிப் பாரிசில் தொழில் தொடங்கிய சார்ல்ஸ் ஃபிரடெரிக் வொர்த், ஓவியன் ஓவியத்தில் பெயர் எழுதுவதுபோல் ஆடையுள் தம் பெயர்ச்சீட்டைத் தைத்தார். 1920-களில் மதலேன் வியோனே தம் பெருவிரல் ரேகையையே சீட்டில் பதித்தார். பெயருடையார்க்கு இவ்வாறு காப்பு அமைந்தது. பெயர் அறியப்படாதார்க்கு?

நம் நாட்டுக் கைத்தறிக் கட்டத்துணி 'மதராஸ்' என்னும் பெயரால் 1960-களில் அமெரிக்க இளைஞரிடையே பெருமதிப்புப் பெற்றது. துவைக்குந்தோறும் சாயம் கரைந்து நிறங்கள் ஒன்றோடொன்று கலந்தன. நெசவில் குறையாகக் கருதத்தக்க இதனையே அந்நாட்டு வணிகர் சிறப்பாகக் கூறி விற்றனர். குறையைக் குணமாகக் கண்டது விளம்பரத்தின் திறமை. ஊரின் பெயர் நிலைத்தது. நெய்தவர் பெயர் எங்கும் இல்லை.

மற்றொரு சான்று. மெக்சிகோவின் வஹாகா மாநிலத்து ட்லாவிடோல்டெபெக் என்னும் மலையூரில் மிஹே மகளிர் அணியும் பூவேலைச் சட்டையை ஒத்த ஆடை, பிரெஞ்சு ஆடைக் கலைஞர் இசபெல் மராந்தின் 2015-ஆம் ஆண்டு விற்பனையில் இடம்பெற்றது. ஊரார் எதிர்த்தனர். அதே காலத்தில் வேறொரு பிரெஞ்சு நிறுவனம் அவ்வடிவம் தனதே என்று வழக்கிட்டது. அப்போது மராந்த் தரப்பு, அஃது அம்மலையூரின் வடிவம் என எடுத்துரைத்தது. உரிமை கோரிய நிறுவனம் வெற்றி பெறவில்லை. மெக்சிகோ அரசு 2022-இல் பழங்குடியினரின் பண்பாட்டு மரபைக் காக்கத் தனிச்சட்டம் இயற்றியது. இந்நிகழ்ச்சியில் கருதத்தக்கது ஒன்று உண்டு. மூலத்தின் ஊர் நீதிமன்றத்தில் தற்காப்பிற்காகச் சொல்லப்பெற்றது. ஆடையின் பெயர்ச்சீட்டில் சொல்லப்பெற்றிருப்பின் வழக்கிற்கும் மனவருத்தத்திற்கும் இடம் குறைந்திருக்கும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று உண்மைகள் பெறப்படும். வடிவம் மீளுதல் குற்றமன்று. மீட்டவர் காலத்திற்கேற்ற பொருளையோ, இழைக்கேற்ற புதுமுறையையோ சேர்க்காதபோதே அது கூறியது கூறலாகும். எல்லாம் சேர்த்தபோதும், எதன் வழி வந்தது என்பதை மறைப்பின் அது வழிநூல் என்னும் தகுதியை இழக்கும்.

மூன்றாவது உண்மையை நம் மரபு தெளிவாகவே கண்டிருந்தது. சிறப்புப் பாயிரத்தில் கூறவேண்டிய எட்டனுள் ஆக்கியோன் பெயரை அடுத்து வைக்கப்பெற்றது 'வழி'. தன் பெயரைச் சொல்பவன், தான் யார் வழிப்பட்டவன் என்பதையும் அடுத்த மூச்சிலேயே சொல்லவேண்டும் என்பது அதன் கருத்து. முன்னோர் கூற்றைத் தன் நூலுள் அவர் சொல்லாலேயே எடுத்தாளுதலை நன்னூலார் பெருமையாகவே கொண்டார். அவ்வாறு எடுப்பதில் ஒளிவு இன்மையே அப்பெருமைக்குக் காரணம்.

ஆடையின் பெயர்ச்சீட்டு அவ்வாடையின் பாயிரம். நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேலாக அதில் ஆக்கியோன் பெயர் எழுதப்பெற்று வருகின்றது. வழி எழுதப்பெறுதல் அரிது. அதனை எழுதும் நாணயமே ஆடைப்பாணித் தொழில் இனிக் கற்கவேண்டிய புதுமை. பிறர் ஆய்வினைத் தம் ஏடுகளில் எடுத்தாளும் நாமும், அப்பாயிர விதி நெய்வோர்க்கு மட்டும் உரியதன்று என்பதை நினைவிற் கொள்ளுதல் நன்று.