கொன்றையின் பருவமும் தோழியின் சொல்லும்

குறுந்தொகையின் 66ஆம் பாட்டுக்குப் பள்ளிகளில் வழங்கும் உரைக்குறிப்புகள் பலவற்றில் 'கொன்றை: ஒருவகை மரம்' என்றிருக்கும். ஒரு மரத்தைப் பற்றி இதனினும் குறைவாகக் கூற இயலாது. அப்பாட்டோ அம்மரத்தின் இயல்பையே அடிப்படையாகக் கொண்டு எழுந்தது.

கார்காலத்தில் மீள்வதாகச் சொல்லிச் சென்றான் தலைவன். கொன்றை பூத்துவிட்டது; அவனைக் காணோம். வருந்தும் தலைவியிடம் தோழி, கொன்றைதான் பேதை என்கிறாள். காலமல்லாக் காலத்தில் பெய்த மழையைக் காரென்று எண்ணிப் பூங்கொத்துகளைத் தொங்கவிட்டதாம். இது தலைவியை ஆற்றுவிக்கச் சொன்ன பொய் என்று கூறி மேற்செல்வதே பலர் வழக்கம். அது முழுப்பொய்தானா?

விடையை மரத்தினிடமே கேட்க வேண்டும். கார் என்பது ஆவணியும் புரட்டாசியும். சரக்கொன்றையோ வேனிலில் இலையுதிர்த்துப் பங்குனி, சித்திரையிலேயே மலரத் தொடங்குவது. மலையாள நாட்டார் சித்திரைப் பிறப்பையொட்டிய விஷுநாளில் கணி காண்பதற்கு வைப்பது இப்பூவையே. பருவமழை இறங்குமுன் மலர்வது இம்மரத்தின் பிறவிக் குணம்; மழைக்காலத்திலும் ஓரளவு பூத்து நிற்பதனால் அது காருக்கும் உரியதாயிற்று. ஆகவே கொன்றையின் சாட்சி என்றுமே ஐயத்துக்கு இடமானது. தோழி அந்த ஐயத்தைத்தான் எடுத்துப் பேசுகிறாள். கேட்பவளும் முல்லை நிலத்தவள். மரம் அறியாதவள் அல்லள். வெறும் பொய்யானால் அவளிடம் ஒரு கணமும் நில்லாது. பாதி உண்மையாதலால் நிற்கிறது.

இது வெறும் புலவர் மரபு என்பாரும் உளர். 251ஆம் பாட்டில் மயிலும் பிடவும் இவ்வாறே பேதைமைப் பழி ஏற்கின்றன என்று அவர்கள் காட்டலாம். காட்டட்டும், வேறுபாடும் அங்கேதான் புலனாகிறது. அப்பாட்டில் தோழி வானத்தைக் குறித்தே ஒரு கதை கட்ட வேண்டியிருக்கிறது: சென்ற ஆண்டு பெய்து எஞ்சிய பழைய நீரை, புதுநீர் முகப்பதற்காக மேகம் கொட்டுகிறதாம்! அழகிய கற்பனை, ஆயினும் கற்பனையே. 66ஆம் பாட்டுத் தோழிக்கு அத்தனை தொல்லை இல்லை. கோடையில் இடைமழை பெய்வதை யாவரும் அறிவர். கொன்றை முந்திப் பூப்பதையும் அறிவர். சொல் சுருங்குகிறது, பாட்டும் ஐந்தடியில் முடிகிறது.

இனி, மலேசிய, சிங்கப்பூர் மாணவர் முன் நிற்கும் இடர் வேறு. மஞ்சள் பூவெல்லாம் அவர்களுக்குக் கொன்றை. சாலையோரத்து ஜோஹார் மரத்தைத் தமிழ்நாட்டிலேயே மஞ்சட்கொன்றை என்பர். அதன் பூங்கொத்து கிளை நுனியில் நிமிர்ந்து நிற்கும், காய் தட்டை. வாய்க்கால் ஓரங்களிலும் வெறுநிலங்களிலும் தானே பெருகிக் கிடக்கும் சீமை அகத்தி இன்னொன்று. மலாய் மக்கள் கெலெங்காங் என்பர். படர்தாமரைக்கு இலையை அரைத்துப் பூசுவர். மெழுகுத்திரிபோல் நிமிர்ந்த பூந்தண்டும் சிறகுடைய காயும் அதன் அடையாளம். தென் அமெரிக்காவிலிருந்து வந்து பரவிய இச்செடியைச் சங்கப் புலவர் கண்டிருக்க வழியில்லை. சரக்கொன்றையில் கொத்து சரமாகக் கீழ்நோக்கித் தொங்கும்; காய் முழநீளத்துக்கு உருண்டு, முற்றினால் கறுக்கும். சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் கொன்றைக்குழல் பேசப்படுவது இதனால் விளங்கும். தட்டைக் காயில் யார் குழல் துளைப்பர்?

பெயர் மயக்கம் சிறு பிழைதானே என்று விடலாகாது. சீமை அகத்தி ஈரமுள்ள இந்நாடுகளில் ஆண்டின் பெரும்பகுதியும் பூத்திருப்பது. அதனைக் கொன்றையென்று கொண்ட மாணவன் முன் தோழியின் சொல் பொருளற்றுப் போகிறது. எப்போதும் பூக்கும் செடி எந்தப் பருவத்தை எவ்வாறு மயங்கும்? மஞ்சள் நிறத்தைக் காட்டிவிட்டு நகரும் பாடத்தினும், ஒரு சரக்கொன்றையை ஓராண்டு முழுதும், இலை உதிர்வது முதல் காய் கறுப்பது வரை, திங்கள்தோறும் குறித்துவரச் செய்யும் பயிற்சி பன்மடங்கு மேலானது. இந்நாடுகளில் அது பெரும்பாலும் வறட்சியை அடுத்துப் பூப்பதனால், தமிழ்நாட்டுத் திங்கட் கணக்கு இங்குப் பொருந்தாது. பொருந்தாமையையும் மாணவனே கண்டு குறிக்கட்டும்.

அவ்வாறு கண்டவன் 21ஆம் பாட்டுக்கு வரும்போது இன்னொன்றும் காண்பான். அங்கே ஓதலாந்தையார், பூத்த கொன்றைக் கானத்தைப் பொன்னணி சூடிய மகளிர் கூந்தலுக்கு ஒப்பிடுகிறார். கூந்தல் என்றால் கருமை வேண்டும். இலையுதிர்ந்த வேனிற் கொன்றையில் பொன் உண்டு, கருமை இல்லை. புதுத்தழை அடர்ந்து இருண்ட பின்னும் இடையிடையே பூத்த கொன்றைதான் இவ்வுவமைக்கு இசைவது. சூழ்ந்த பிற மரங்களின் தழையென்று கொள்ளவும் கூடும். எனினும் முதற்பொருளே சிறக்கிறது. ஏனெனில் அது மழையில் நனைந்த கொன்றை. அதன் சாட்சியை மறுத்தல் எளிதன்று. அந்தக் கானமே காரென்று கூறினும் தெளியேன், அவர் பொய் கூறார் என்று அங்கே பேசுபவள் தோழி அல்லள்; தலைவியே.