ஹோட்டல் அடுப்பும் மடவைக் குழம்பும்

சினிமாவுக்கு மார்க் போடுகிறோம். நாவலைப் பிரித்து மேய்கிறோம். ஒரு சமையலறையை விமர்சனம் செய்தால் என்ன? இந்த வாரம் அதைத்தான் செய்யப் போகிறேன். சம்பந்தப்பட்ட நண்பர் இதைப் படிப்பார். படித்துவிட்டு இரண்டு மாதம் பேச மாட்டார். பரவாயில்லை.

மீஞ்சூரில் புது வீடு. கும்மிடிப்பூண்டி ரயிலில் அத்திப்பட்டைத் தாண்டும்போது அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் தெரியும். அதற்கு அடுத்தபடியாக அந்த வட்டாரத்தில் பெரிய புகைபோக்கி நண்பர் வீட்டில்தான். மூன்று பர்னர் பட்டி அடுப்பு, முக்கால் அங்குல இரும்புத் தகட்டில் தோசைக்கல், பத்து லிட்டர் டில்டிங் கிரைண்டர், சுவரைத் துளைத்துக்கொண்டு போகும் எக்ஸாஸ்ட். ஹோட்டல்களுக்குச் செய்து தருகிற ஆளையே கூட்டி வந்து பொருத்தியிருக்கிறார். வீட்டில் இருப்பது நாலு பேர்.

"எங்கம்மா கல்யாணத்துக்கு நூறு பேருக்கு ஆக்கிப் போட்டவங்க சார். அவங்களுக்காகத்தான் எல்லாம்" என்றார். அம்மா பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்தில் பிறந்தவர். எழுபதைத் தாண்டியவர்.

நான் படித்தது பி.காம். எதைப் பார்த்தாலும் கணக்குதான் முதலில் தோன்றும். ஹோட்டல் அடுப்பு விடிகாலையில் பற்றவைத்தால் ராத்திரிதான் அணையும். போட்ட முதல் அப்படித்தான் திரும்பி வருகிறது. நண்பர் வீட்டுத் தோசைக்கல் சூடேறவே கால் மணிக்கு மேல் ஆகிறது. பிறகு எட்டு தோசை. பிறகு ஆறுவதற்கு ஒரு மணி நேரம். கிரைண்டரோ இரண்டு ஆழாக்கு அரிசியைப் போட்டால் கல்லில் படாமல் ஓரமாக ஒட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கிறது. வீட்டு சிலிண்டர் 14.2 கிலோ, ஜி.எஸ்.டி. 5 சதவிகிதம். இவர் வாங்கும் 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டருக்கு 18 சதவிகிதம்.

பணம் அவருடையது, விட்டுவிடலாம். விட முடியாதது வேறு. வீட்டு ரெகுலேட்டர் கேஸை ரொம்ப அடக்கமான அழுத்தத்தில்தான் விடும், சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 30 கிராம். பட்டி அடுப்புக்கு அதைப்போலப் பல மடங்கு வேண்டும். டியூப் ஒழுகினால் அதே வேகத்தில் ஒழுகும். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, மேலே போகாமல் தரையில் தேங்கும். கூரையோரம் இருக்கிற எக்ஸாஸ்டை நம்பி நிம்மதியாக இருக்க முடியாது. அந்த எக்ஸாஸ்ட் இழுக்கிற அளவுக்குக் காற்று உள்ளே வரவும் வழி வேண்டும். நண்பர் ஏ.ஸி.க்காக ஜன்னல்களை இறுக மூடி வைத்திருக்கிறார். ஹோட்டல் அடுப்பின் பக்கவாட்டுத் தகடும் கொதிக்கும். அங்கே வேலை செய்கிறவருக்கு எங்கே கை வைக்கக் கூடாது என்று தெரியும். பேரனுக்குத் தெரியாது.

'அமெரிக்காவில் வைத்துக்கொள்கிறார்களே' என்பீர்கள். உண்மைதான். சமையல் புத்தகம் எழுதியும் டி.வி.யில் சமைத்துக் காட்டியும் பேர் வாங்கிய ஜூலியா சைல்ட், 1956-ல் ஆறு பர்னர் கார்லேண்ட் ரெஸ்டாரன்ட் அடுப்பை செகண்ட் ஹேண்டில் 429 டாலருக்கு வாங்கினார். 2001-ல் தன் சமையலறையையே ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கும்வரை அதில்தான் சமைத்தார். அந்த அம்மாவுக்குச் சமையல்தான் தொழில். அடுப்பு சும்மா இருக்கவில்லை. மிசிசிப்பியில் வீடு கட்டித் தந்துகொண்டிருந்த ஃப்ரெட் கார்ல் என்பவர், ஹோட்டல் அடுப்பை அப்படியே வீட்டில் வைப்பது சரிப்படாது என்று புரிந்துகொண்டு, வெப்பம் வெளியே வராத கட்டுமானத்தோடு வீட்டுக்கென்றே ஒன்றைச் செய்தார். 1987-ல் விற்பனைக்கு வந்த வைக்கிங் அடுப்பு அதுதான். பார்க்க ஹோட்டல், உள்ளே வீடு. நண்பர் வாங்கியது பார்க்கவும் ஹோட்டல், உள்ளேயும் ஹோட்டல்.

இன்னொன்று. ஹோட்டல் சாமான் செய்பவர்கள் செலவைக் குறைக்க 202 ரக ஸ்டீலைப் போட்டுவிடுவதுண்டு. நிக்கல் குறைச்சல். மீஞ்சூரில் வீசுவது உப்புக் காற்று. மேஜைக் காலில் இப்போதே பழுப்புப் புள்ளிகள். காந்தம் வைத்துப் பார்த்துத்தான் வாங்கினாராம். 202-லும் ஒட்டாது, 304-லும் ஒட்டாது. பில்லில் ரகத்தை எழுதி வாங்குவதுதான் வழி.

சரி, யாருக்காக இவ்வளவும்? அம்மாவைத் தேடினேன். கொல்லையில் மணைபோட்டு உட்கார்ந்து, ஒரு பக்கெட் தண்ணீரை வைத்துக்கொண்டு மடவை மீன் அரிந்துகொண்டிருந்தார். உள்ளே இருக்கிற ஸிங்க்கில் ஒரு மீன் நீட்டிப் படுக்க இடமில்லை. தீக்கு லட்ச ரூபாய் கணக்கில் செலவழித்தவர், தண்ணீருக்கு மறந்துவிட்டார்.

"அது இன்னா அடுப்புப்பா, பொணம் எரியற மாதிரி எரியுது. கொழம்பு தளதளன்னு கொதிச்சா மீன் ஒடஞ்சிடும். மெதுவா வெக்கவே மாட்டேங்குது" என்றார். பக்கத்தில் பழைய இரண்டு பர்னர் அடுப்பு. அதில் மண்சட்டி. மீனைப் போட்டதும் தீயைக் குறைத்து, கரண்டி படாமல் சட்டியைத் துணியால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினார். அவ்வளவுதான் டெக்னாலஜி.

"புள்ள ஆசையா வாங்கிக் குடுத்துட்டான். வேணாம்னு சொல்ல மனசு வரல" என்றார், அவர் காதில் விழாத குரலில்.

இனி மார்க். எக்ஸாஸ்ட் எட்டு, கிரைண்டர் இரண்டு, பட்டி அடுப்பு பூஜ்யம். நீங்கள் ஹோட்டலிடமிருந்து ஏதாவது கடன் வாங்குவதென்றால் ஆழமான பெரிய ஸிங்க், கழுவிவிடத் தோதான ஸ்டீல் மேஜை, கையெட்டும் உயரத்தில் திறந்த ரேக் ஆகியவற்றை வாங்குங்கள். அதற்கும் முன்னால், சமைக்கப் போகிறவரை ஒரு வார்த்தை கேளுங்கள்.

நண்பரே, பேச மாட்டீர்கள், தெரியும். அந்த ஸிங்க்கை மட்டும் மாற்றிவிடுங்கள். குழம்புக்குப் பத்துக்குப் பத்து.