ஜெயித்தவர் சைக்கிள்

ஜூன் பிறந்தால் சைக்கிள் பத்திரிகைகளில் ஒரு சடங்கு உண்டு. கான்சஸ் மாநிலம் எம்போரியாவில் 200 மைல் 'அன்பவுண்ட் கிராவல்' பந்தயம் முடிந்த கையோடு, முன்னணியில் வந்தவர்களின் வண்டிகளை உறுப்பு உறுப்பாகப் படம்பிடித்துப் போடுவார்கள். என்ன டயர், எத்தனை பல், எவ்வளவு எடை. கூடவே ஒரு வாதமும் வரும்: அந்தச் சாலையில் ஜெயித்த வண்டி உங்களுக்கும் எனக்கும் போதாதா? கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கும் இந்த வாதத்துக்கும் பல வருடச் சண்டை.

பந்தயக்காரர்களால் நமக்கு நன்மையே இல்லை என்று சொல்ல வரவில்லை. கிராவல் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது, வீடு கட்டும் இடத்தில் லாரி கொட்டிவிட்டுப் போகும் செஞ்சரளை. எம்போரியாவைச் சுற்றியுள்ள பிளின்ட் ஹில்ஸில் அது வேறு சாதி. சுண்ணாம்புப் பாறையிலிருந்து உதிர்ந்த சக்கிமுக்கிக் கல், டயரின் பக்கவாட்டைப் பிளேடு போட்டதுபோல் கிழிக்கும். ஒல்லி டயர்தான் வேகம் என்ற பழைய நம்பிக்கையை உடைத்ததில் அங்கே ஓட்டியவர்களுக்கும் பங்கு உண்டு. இப்போது முன்னணி ஆட்கள் இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமான மலைச்சைக்கிள் டயரையே மாட்டுகிறார்கள். 2023-இல் பந்தயம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே வந்த சேற்றில், மண் கேழ்வரகுக் களிபோலச் சக்கரத்தோடு சுருண்டு சட்டத்துக்கும் டயருக்கும் நடுவே அடைத்துக்கொண்டது. பெயின்ட் கலக்கும் மரக்குச்சியைச் சட்டைப்பைக்குள் வைத்திருந்தவர்கள் புத்திசாலிகள். மற்றவர்கள் வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். டயருக்குச் சட்டத்தில் இடம் வேண்டும் என்ற பாடமும் அங்கேதான் கிடைத்தது. இதுவரை எனக்கு மறுப்பில்லை.

என் மறுப்பு கியரைப் பற்றியது. டயரைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் இதற்கு ஒரு வரி ஒதுக்குவதோடு சரி.

கடையில் நிற்கும் கிராவல் சைக்கிள்களில் பல, முன்னால் ஒரே ஒரு 40 பல் சக்கரமும் பின்னால் பெரியது 44 பல்லுமாக வருகின்றன. இதன் மிகச் சுலபமான கியரில் பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி ஏறக்குறைய 2 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தாலே மணிக்கு 7 கிலோமீட்டருக்கு மேல் போயாக வேண்டும். 12 சதவீத ஏற்றத்தில் ஆளும் வண்டியுமாக 90 கிலோவை அந்த வேகத்தில் ஏற்ற 230 வாட் பக்கம் வேண்டும். ஜெயிக்கிறவருக்கு அது சாப்பிட்டுக்கொண்டே மிதிக்கிற மிதி. ஆறாவது மணி நேரத்தில் உப்புக் கறை படிந்த சட்டையோடு வருகிற நமக்கு 150 வாட் மிச்சமிருந்தால் பெரிய விஷயம்.

மெதுவாக மிதியுங்களேன் என்பார்கள். மிதிக்கலாம், அந்தப் பாரத்தை முழங்கால் தாங்கும்வரை. எழுந்து நின்று மிதியுங்கள் என்பார்கள். தார்ச்சாலையில் அது நடக்கும். சரளையில் சீட்டை விட்டு எழுந்த நொடியில் பின்சக்கரத்தின் மேலிருந்த எடை முன்னால் போய்விடும். டயர் பிடியை விட்டு, இருந்த இடத்திலேயே சுற்றும். தளர்ந்த கல்லில் ஏற ஒரே வழி, உட்கார்ந்தபடி காலைச் சுழற்றுவதுதான். அதற்குச் சின்னக் கியர் வேண்டும். சரளைக்கென்றே செய்ததாகச் சொல்லி விற்கிற வண்டியில் சரளை ஏற்றத்துக்கான கியர் இல்லை!

பிளின்ட் ஹில்ஸிலேயே ஒரு சிறிய நிகழ்ச்சியில், 100 மைல் பிரிவில், இது எனக்குப் புரிந்தது. ஒரு கடையில் பரிந்துரையின் பேரில் வாங்கிய புத்தம்புது வண்டி. ஒயரெல்லாம் ஹேண்டில்பாருக்குள்ளேயே ஓடும். கடைசி மேடுகளில் ஒன்றில் இறங்கி, ஷூவின் அடியிலுள்ள கிளீட் கல்லில் வழுக்க வழுக்கத் தள்ளிக்கொண்டு போனேன். அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா என்னைக் கடந்து போனார். பழைய இரும்புச் சட்டத்து மலைச்சைக்கிள். முன்னால் மூன்று பல்சக்கரம், அதில் சின்னது சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்த சட்னிக் கிண்ணம்போல இருந்தது. சீட்டை விட்டு எழவில்லை. கால் மட்டும் தையல் மெஷின்போல் ஓடியது. "தண்ணி இருக்கா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார், மூச்சு வாங்காமல். எனக்குத்தான் பதில் சொல்ல மூச்சு வரவில்லை.

அந்த மாதிரி வண்டியை இன்று கடையில் கேட்டால் பரிதாபமாகப் பார்ப்பார்கள். பதிலாகக் காற்றைக் கிழிக்கும் சட்டத்தைக் காட்டுவார்கள். 2024-இல் ஜெயித்த லாக்லன் மார்ட்டன் அன்பவுண்டின் 200 மைலைச் சுமார் 9 மணி 12 நிமிடத்தில் முடித்தார். சராசரி மணிக்கு 35 கிலோமீட்டர். அந்த வேகத்தில் காற்று ஒரு சுவர். நாம் போவது 18-இல். அங்கே காற்றின் எதிர்ப்பு விசை அதில் கால்பங்குதான். அந்தக் கால்பங்கிலும் ஒரு துளியைச் சேமிக்க, உள்ளே ஓடும் ஒயரை மாற்ற நாளெல்லாம் மெக்கானிக்கிடம் வண்டியை விட்டுவிட்டுக் காத்திருக்கிறோம்.

2006-இல் முதல் பந்தயத்துக்கு எம்போரியாவில் கிளம்பிய 34 பேரும் இருந்த வண்டியில் வந்தவர்கள். கிராவல் சைக்கிள் என்ற சரக்கு அன்று கடையில் ஏது? தங்கள் காலுக்குத் தகுந்த கியரை அவரவரே கோத்துக்கொண்டார்கள். இன்று ஆயிரக்கணக்கில் வருகிறோம். ஜெயிக்கப் போகிற சில பேரின் காலுக்கு அளவெடுத்த செருப்பை அத்தனை பேரும் மாட்டிக்கொண்டு வருகிறோம்.

பல் சக்கரத்தை மாற்றிக்கொள்ளக் கூடாதா என்று கேட்கலாம். சில கிராங்குகளில் சின்னது மாட்ட வழியே கிடையாது. என்னுடையதில் இருந்தது, 40-ஐக் கழற்றி 32 போடச் சொன்னேன். கடைக்காரர் தயங்கினார். "சமதரையில வேகம் போதாதே சார், மிதிச்சுக்கிட்டே இருக்கணும்." வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். 32-ஐ வைத்துக்கொண்டு பின்னால் 10 பல்லில், நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் மணிக்கு 38 கிலோமீட்டர் போகலாம். மார்ட்டனின் சராசரியைவிட 3 கிலோமீட்டர் அதிகம். அந்த 40 பல் சக்கரம் இப்போது மேசையில் மின்கட்டண ரசீதுகளின் மேல் கிடக்கிறது.